மர்ஜானுக்குச் சொன்ன சொல்

மௌனம் சம்மதம் என்பது கலியாணப் பேச்சுக்குச் சரி. அதைக் கொண்டுபோய் லாஞ்சு ஓட்டத்துக்கும் சட்டமாக்கிய புத்திசாலி ஜெமீல்தான். விசாரணைக்காரர்களிடம் அதை அவனே ஒத்துக்கொண்டான். ஆகையால் நாம் சொல்லிக்காட்டுகிறோம் என்று யாரும் கோபிக்கத் தேவையில்லை.

அது எழுபத்து நாலாம் ஆண்டு. திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் கொட்டியாரக் குடாவைக் கடந்து ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு கம்பனியில் ஜெமீல் றேடியோ பாஸ். பாஸ் என்றால் முதலாளி இல்லை. மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்பதுபோலக் கைவேலைக்காரன். கம்பனியின் இரண்டு லாஞ்சுகளிலும், அதாவது எஞ்சின் படகுகளிலும், பேசவும் கேட்கவும் ஒவ்வொரு சின்ன செட் இருந்தது. கரையில், ஜெட்டிக்கு எதிரே நின்ற சரக்குக் கிட்டங்கியின் மேல்மாடி அறையில் பெரிய செட். வெள்ளைக்காரன் தன் கடற்படையைத் தூக்கிக்கொண்டு போனபோது விட்டுப்போன சாமான், ஏலத்தில் எடுத்தது. ஆள் உயர இரும்புப் பெட்டி. அதன் உயிர் இரண்டு வால்வுகளில் இருந்தது. கண்ணாடிக்குள் சிவந்து எரியும் அந்த இரண்டும் போய்விட்டால் பெட்டி கோழி அடைக்கத்தான் உதவும்.

பெரிய வெங்காயத்தையே கண்ணால் காண முடியாத காலம் அது. வெளிநாட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் தடை. வால்வுக்கு எங்கே போவது? பேசப் பேச வால்வின் ஆயுள் குறையும். கேட்பதற்கு அது வேண்டியதில்லை, கேட்கிற பெட்டி தனி, அதன் ஏரியலும் தனி. எனவே ஜெமீல் ஒரு சட்டம் போட்டான். லாஞ்சு புறப்படக் கால் மணித்தியாலத்துக்கு முன்னால் அதை ஓட்டுகிற தண்டல் கரைக்குச் சொல்ல வேண்டும். வரக்கூடாது என்றால் மட்டும் கரை பேசும். கரை பேசாவிட்டால் வழி நல்லது என்று அர்த்தம், வரலாம். முதலாளி தலையைத் தலையை ஆட்டினார். தண்டல்மாருக்கும் பிடித்துக்கொண்டது. வள வள என்று கதைக்கிற வேலை இல்லையே. இரண்டு வருடமாக ஒரு குறையும் வரவில்லை. வால்வுகள் புதுப்பெண் மாதிரி இருந்தன. ஜெமீலுக்குத் தன்னைப்பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் உண்டாகியிருந்தது. அது மனிதருக்குக் கெடுதல்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அவன் பெரிய செட்டைச் சோதித்துப் பார்ப்பான். சும்மா காற்றில் பேசிச் சோதித்தால் துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டுகிற பைலட்மாரின் பேச்சுக்கு இடைஞ்சல். ஒருமுறை அவர்கள் தொலைபேசியில் அழைத்து நல்ல தமிழிலும் நல்ல சிங்களத்திலும் ஏசியிருந்தார்கள். அதனால் பெட்டியின் பின்புறத்துப் பித்தளைத் திருகிலிருந்து ஏரியல் கம்பியைக் கழற்றி ஓர் ஆணியில் கொழுவிவிட்டு, அதே திருகில் நூறு வாட் மின்குமிழ் ஒன்றின் வயரைக் கட்டுவான். காற்றுக்குப் போக வேண்டிய சக்தி குமிழுக்குள் எரிந்து முடியும். அறைக்கு வெளியே ஒரு துளிகூடக் கசியாதபடி குமிழைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடியிருப்பான். மூடியில் ஆணியால் குத்திய ஒரு துளை. துளையில் வெளிச்சம் தெரிந்தால் செட் சுகம். பிறகு குமிழைக் கழற்றிவிட்டு ஏரியலைத் திரும்பக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த வெள்ளிக்கிழமை அந்தக் கடைசி வேலையை அவன் செய்யவில்லை. கார்த்திகை மாதத்து மழை விட்டு வெளித்திருந்தது. சோதனை முடிந்து கையிலிருந்த ஈயக்கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "பாஸ், உங்கட தொழுகைக்கு நேரம் போகுது" என்றார் கோணாமலை. ஜெமீல் சுவரில் மணியைப் பார்த்தான், தொப்பியை எடுத்தான், படியில் இறங்கினான். ஏரியல் ஆணியில் தொங்கியது. இதை நாம் இப்போதே தெரிந்துகொள்கிறோம். அவனுக்குத் தெரிய நெடுநேரம் எடுத்தது.

கோணாமலை சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துக்காரர். ஐம்பது வயது. தகப்பன் வழி கடல் தொழில். இவர் மட்டும் கண்பார்வை குறைந்து கரையேறி, றேடியோவுக்கு முன்னால் கதிரையில் இருந்து கேட்கிற வேலைக்கு வந்தவர். தினமும் சைக்கிளில் வந்துபோவார். ஜும்ஆ முடிந்து, கடையில் இரண்டு வாய் சோறும் தின்று, ஜெமீல் திரும்பி வந்தபோது மணி ஒன்று நாற்பது. கோணாமலை கையில் ஒரு துண்டுக் கடதாசியோடு நின்றார்.

"காலநிலைக்காரர் போன் பண்ணினவை. பின்னேரம் வடகீழ்க் காத்து பலமா வருமாம். சின்ன வள்ளங்கள், லாஞ்சுகள் ஒண்டும் வெளிக்கிடப்படாதாம்."

ஜெமீல் ஜன்னலால் பார்த்தான். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது.

"இப்பிடிக் கிடக்கே அண்ணன்."

"அதுதான் எனக்கும் பிடிக்கேல்லை. எங்கட ஊரில விடியவே வள்ளம் எல்லாத்தையும் மேல இழுத்துப் போட்டிட்டாங்கள்."

ஒரு லாஞ்சு ஜெட்டியில் கட்டிக் கிடந்தது. மற்றது மர்ஜான். அது மூதூரில் நின்றது. அதன் தண்டல் சரீப், ஜெமீலின் மனைவி மைமூனாவின் ஒரே தம்பி. வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு அவனை ராத்தா மைமூனாதான் வளர்த்தாள். வெள்ளிக்கிழமை என்றால் மூதூரில் ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, பட்டணத்துக்கு வருகிற கூட்டம் நிறைய. லாஞ்சு இரண்டேகாலுக்கு வெளிக்கிடும். சட்டப்படி இரண்டு மணிக்குச் சரீப் பேசுவான். அப்போது வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஜெமீல் செட்டைப் போட்டு வால்வைச் சூடாக்கினான். மனதில் ஒரு பதற்றமும் இல்லை. இந்த மாதிரி ஒரு நாளுக்குத்தானே வால்வைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான்.

சரியாக இரண்டு மணிக்குச் சரீபின் குரல் வந்தது.

"மர்ஜான் கதைக்குது. முப்பத்தொரு பேர் இருக்காங்க. ரெண்டேகாலுக்கு வெளிக்கிடுறம். ஏதும் இருந்தாச் சொல்லுங்க. ஓவர்."

கோணாமலை பேசும் மைக்கைத் தூக்கி அமத்தினார். "மர்ஜான், வெளிக்கிட வேண்டாம். பெருங்காத்து வருது. மூதூரிலயே நில்லுங்கோ. விளங்கினதோ? ஓவர்."

செட்டின் முகத்தில் மீற்றர் முள் எப்போதும் நிற்கிற இடத்தில் வந்து நின்றது. கையை எடுத்தார். ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும். மறுபடி சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். அதற்குப் பிறகு சரீப் பேசினான், ஆனால் இவருக்கு இல்லை, பக்கத்தில் நின்ற யாருக்கோ. "கரை ஒண்டும் சொல்லல்ல. ஆக்கள ஏறச் சொல்லு."

"அவனுக்குக் கேக்கேல்லை, பாஸ்."

ஜெமீல் சிரித்தான் என்றுகூடச் சொல்லலாம். இந்தப் பெட்டியின் ஒவ்வொரு திருகையும் அறிந்தவன் அவன். மைக் கழுத்தில் வயர் உள்ளுக்குள் அறுவது வழக்கமான வியாதி. அலுமாரியிலிருந்து மற்ற மைக்கை எடுத்து மாட்ட இரண்டு நிமிடம் போதும். மாட்டிப் பேசினான். முள் நின்றது, பேச்சுக்கேற்ப மெல்ல நடுங்கவும் செய்தது. அதாவது குரல் பெட்டிக்குள் போகிறது. கேட்கிற பெட்டியின் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தான். அவனுடைய குரலே அதில் மணியாகக் கேட்டது. ஒரே அறைக்குள் இருக்கிற பெட்டிக்குக் கேட்பது பெரிய அதிசயமா? பிஸ்கட் டின்னில் கசிகிற துளி அதற்குப் போதும். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு அது தோன்றவில்லை. செட் சுகம், குரல் சுகம், முள் சுகம். எல்லாம் சுகம் என்றால் சரீபுக்கு ஏன் கேட்கவில்லை? வைத்தியர் கைபிடித்துப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்று சொல்லச் சொல்ல நோயாளி செத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவனுக்கு.

கோணாமலை கீழே கந்தோருக்கு ஓடினார். மூதூர்த் தபால்கந்தோருக்கு ஓர் அவசர அழைப்புக் கேட்டார். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்பிள்ளை, நேற்று மழையோடு மூதூர் லைன் விழுந்துவிட்டது, நாளைக்குத்தான் ஆட்கள் போவார்கள் என்றாள். உயிர்ப் பிரச்சினை பிள்ளை என்றார் இவர். "லைன் இல்லாத இடத்துக்கு நான் என்னய்யா செய்யிறது?" என்றாள் அவள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஜெமீல் இதற்குள் பெட்டியின் முன்கதவைத் திறந்துவிட்டான். மீற்றர் பொய் சொல்லாது. ஆனால் வால்வு கிழடானால் சக்தி உள்ளது போலக் காட்டி ஏமாற்றும் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது. அலுமாரியின் அடித்தட்டில் பழந்துணி சுற்றி வைத்திருந்த இரண்டு புது வால்வுகளை எடுத்தான். மைமூனா அவற்றை "உங்கட பொன் முட்டை" என்பாள். கரண்டை நிறுத்தி, கொதிக்கிற பழைய வால்வுகளைச் சாரன் முனையால் பிடித்து இழுத்தான். ஒரு விரல் பொசுங்கியது. புதியவற்றைப் பொருத்தினான். சூடேற மூன்று நிமிடம் வேண்டும். அதற்கு முன் பேசினால் வால்வு நாசம். மூன்று நிமிடமும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பன்னிரண்டு. இரண்டு பதின்மூன்று. மைக்கை அமத்தி, "சரீப், வெளிக்கிடாத. காத்து வருது. வெளிக்கிடாத" என்றான். முள் அழகாக எழுந்து நின்றது.

"மர்ஜான் கதைக்குது" என்றான் சரீப். ஜெமீல் கண்ணை மூடி அல்லாஹ்வை நினைத்தான். "நேரமாச்சு மச்சான். நீங்க ஒண்டும் சொல்லல்ல, அதால நாங்க வெளிக்கிடுறம். பின்னேரம் வீட்ட வாறன் எண்டு ராத்தாட்டச் சொல்லுங்க. முரல் கருவாடு கொண்டாறன். ஓவர்."

அதற்குப் பிறகு ஜெமீல் செய்ததைச் சோதனை என்று சொல்ல முடியாது. அடுத்த செக்கனில் குறை தெரிந்துவிடும், அடுத்த செக்கனில் தெரிந்துவிடும் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அலைவரிசையைப் பிடித்துவைக்கும் படிகக் கல்லைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பியூஸ்களைத் துடைத்தான். நிலத்தில் தாழ்த்திய எர்த் கம்பியின் பிடியைக் கத்தியால் சுரண்டினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு மைக்கைப் பிடித்து அதே சொல்லைச் சொன்னான். வெளிக்கிடாத, வெளிக்கிடாத. லாஞ்சு வெளிக்கிட்டுவிட்டது என்பது தெரிந்தும் அவன் வாயில் வேறு சொல் வரவில்லை. சுகமான மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி, ஒரு குற்றமும் செய்யாத அந்தப் பெட்டியை அவன் வதைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஜன்னல் கதவு தானாக அடித்தது. பிறகு மறுபடி அடித்தது. எண்ணெய் போலக் கிடந்த கடலில் கரும்பச்சையாக ஒரு கோடு வடகிழக்கிலிருந்து ஓடி வந்தது. கோணாமலை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அம்மாளாச்சி" என்று மட்டும் சொன்னார். ஐந்து நிமிடத்தில் ஜெட்டி மழையில் மறைந்தது.

"ஏரியல்" என்றான் ஜெமீல். "ஏரியல் விழுந்திருக்கும் அண்ணன். வேற ஒண்டும் இல்ல. அதுதான்."

பின்வாசலால் ஓடிக் கூரைக்கு ஏறுகிற இரும்பு ஏணியில் தொற்றினான். காற்று அவனைச் சுவரோடு வைத்து அழுத்தியது. தலையைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் ஏரியல் கம்பி ஒரு குறையும் இல்லாமல், இறுக்கமாக, காற்றில் ஊளையிட்டுக்கொண்டு நின்றது. அது விழுந்திருந்தால் அவன் சந்தோஷப்பட்டிருப்பான். ஏணியிலேயே நின்று அழுதான்.

நனைந்து உள்ளே வந்தபோது கோணாமலை பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளிப் பின்னால் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். பார்வை குறைந்த மனிதர், தடவித்தான் பார்ப்பார். சட்டென்று கையை உதறினார்.

"பாஸ், இந்த டின் ஏன் இப்பிடிச் சுடுது?"

ஜெமீல் அசையாமல் நின்றான். காலையிலிருந்து நடந்த ஒவ்வொன்றும் வரிசையாக, தெளிவாக அவனுக்கு முன்னால் வந்தது. தொப்பி, மணிக்கூடு, படி. அவன் பேசிய அத்தனை 'வெளிக்கிடாத'வும் அந்த டின்னுக்குள் போய் ஒரு குமிழைச் சூடாக்கியிருக்கின்றன. கோணாமலை மறுபடி கேட்டார். குனிந்து குமிழின் வயரைப் பிய்த்தெறிந்தான். ஆணியில் கொழுவியிருந்த ஏரியலை எடுத்துத் திருகில் முறுக்கினான். நாற்பது நிமிடம் தேடிய குறையைத் திருத்த அரை நிமிடம் போகவில்லை.

"சரீப். சரீப், கேட்குதா? ஓவர்."

"மச்சான்." குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுத் தாங்க முடியவில்லை. பின்னால் காற்றும் எஞ்சினும், ஆட்களின் கூச்சலும். "இப்ப கேட்குது மச்சான். பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரிக் கேட்குது. சொல்லுங்க. ஓவர்."

நாற்பது நிமிடமாக நாக்கில் கிடந்த சொல் தானாக விழுந்தது. "வெளிக்கிடாத" என்றான் ஜெமீல்.

"வெளிக்கிட்டு அரை மணித்தியாலமாச்சு மச்சான்" என்றான் சரீப். அவன் கோபிக்கவில்லை. ஏசியிருந்தால் ஜெமீலுக்கு உதவியாக இருந்திருக்கும்.

"டக்கைக் கேட்டுப் பாக்கிறன்" என்று கோணாமலை மீண்டும் கந்தோருக்கு இறங்கினார். பெரிய கப்பல்களை இழுக்கிற டக் ஒன்று துறைமுகத்தில் நின்றது. இந்தக் காற்றில் குடாவுக்குள் போய்வரக்கூடியது அது ஒன்றுதான். ஐந்து நிமிடத்தில் படியின் பாதிவரை வந்து, "டக்கின்ர எஞ்சினைத் திறந்து வேலை நடக்குதாம். பாப்பம் எண்டு சொல்லுறாங்கள். திரும்பக் கேக்கிறன்" என்று கத்திவிட்டு மறுபடி இறங்கினார். கந்தோரில் ஒருவர் பாப்பம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ஜெமீலுக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் சரீப் கேட்டான்.

"மச்சான், தண்ணி உள்ளுக்கு வருது. ஸெய்னுதீன் பம்ப் அடிக்கிறார், பத்தல்ல. பட்டணத்துக்கு இனி வர ஏலாது. காத்தோட விட்டுக் கிண்ணியாப் பக்கத்து மணலில ஏத்துவம் எண்டு பாக்கிறன். லாஞ்சு உடையும். ஆக்கள் தப்புவாங்க எண்டுதான் நினைக்கிறன். நீங்க என்ன சொல்றீங்க? ஓவர்."

ஸெய்னுதீன் எஞ்சின்காரர். ஆறு பிள்ளைத் தகப்பன். பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. ஒரு பிள்ளை உம்மா, உம்மா என்று விடாமல் கத்தியது.

ஜெமீல் கடல் தெரியாதவன். எட்டு வயதில் ஒருமுறை லாஞ்சில் வயிற்றைப் பிரட்டிய நாளிலிருந்து மூதூருக்குப் பஸ்ஸில் சுற்றிப் போகிறவன். மணலில் ஏற்றுவது என்ன, ஏற்றாமல் விடுவது என்ன என்று அவனுக்குத் தெரியாது. உடையும் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. ஒரு சொல்லும் கொடுக்க முடியாமல் நாற்பது நிமிடம் கிடந்து உழன்றவனுக்கு இப்போது எதைச் சொன்னாலும் அது போய்ச் சேரும். நல்ல சொல்லாக ஒன்று சொல்ல வேண்டும் என்று அவன் நெஞ்சு கிடந்து துடித்தது.

"மணலில ஏத்தாத" என்றான். "டக் வெளிக்கிட்டிட்டுது. காத்துக்கு முகத்தைக் குடுத்து அப்பிடியே நில்லு. அரை மணித்தியாலத்தில உன்னட்ட வந்திரும். ஓவர்."

"டக் வருதா? அல்ஹம்துலில்லாஹ்." சரீப் மைக்கை விடாமலே ஆட்களுக்குக் கத்தினான். "டக் வருது. பயப்படாதீங்க. டக் வருது." அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. யாரோ ஒரு முதியவர் ஸலவாத்துச் சொல்லத் தொடங்கினார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஜெமீல் கதிரையில் சாய்ந்தான். அன்று முழுதும் இல்லாத ஒரு நிம்மதி அவன் உடம்பெல்லாம் பரவியது. பிற்காலத்தில் அவன் தன்னுடைய மறதியைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொண்டான். அந்த ஒரு நிமிட நிம்மதியை மட்டும் பொறுக்கவே இல்லை.

கோணாமலை மேலே வந்தார். மூச்சு வாங்கியது.

"டக் வராது. எஞ்சின் கழட்டினபடி கிடக்குதாம். எப்பிடியும் ரெண்டு நாள் செல்லுமாம்." ஜெமீலின் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "அவன் என்ன சொன்னவன்?"

"கிண்ணியாப் பக்கத்து மணலில ஏத்தப் போறன் எண்டான்."

"நல்ல யோசனை. அதுதான் வழி. ஏத்தட்டும். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

ஜெமீல் சொன்னான். கோணாமலை அவனை ஏசவில்லை. மைக்கை எடுத்து அவன் கையில் வைத்தார். "உங்கட குரல்தான் அவனுக்குப் பழக்கம். உடனே சொல்லுங்கோ. டக் இல்லை, மணலில ஏத்து எண்டு சொல்லுங்கோ."

சொன்னான். முள் எழுந்தது, ஏரியலும் தன் இடத்தில் இருந்தது, சொல் காற்றில் போனது. கையை எடுத்தபோது சரீபின் குரல் பாதியிலிருந்து கேட்டது. "...எஞ்சினுக்குள்ள தண்ணி, நிண்டிட்டுது. மச்சான், டக் எந்தப் பக்கத்தால வருது? காணல்லயே. ஓவர்." ஜெமீல் மறுபடி சொன்னான். டக் இல்லை. மணலில் ஏற்று. இந்த முறை பதில் வரவில்லை. லாஞ்சின் பற்றறி தண்ணீரில் தாழ்ந்துவிட்டதா, அல்லது லாஞ்சே தாழ்ந்துவிட்டதா என்று கேட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை. அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். பின்னேரம் ஐந்தரைக்குக் கோணாமலை வந்து கரண்டை நிறுத்தி, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மைக்கிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

மர்ஜான் கிண்ணியாப் பக்கத்து மணலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. எஞ்சினும் சுக்கானும் இல்லாமல், குறுக்காக உருண்டுகொண்டு போய்ச் சேர்ந்தது. கரைக்குக் கிட்டக் கவிழ்ந்தது. கிண்ணியா மீன்பிடிகாரர்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கி இழுத்தார்கள். தண்டலோடும் எஞ்சின்காரரோடும் சேர்த்து முப்பத்து மூன்று பேரில் இருபத்து நாலு பேர் பிழைத்தார்கள். ஒன்பது பேர் இல்லை. ஸெய்னுதீன் பம்பைப் பிடித்தபடி உள்ளேயே கிடந்தார். உம்மா என்று கத்திய பிள்ளை பிழைத்ததா என்று ஜெமீல் யாரிடமும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் விசாரணை. ஜெமீல் எழுந்து நின்று, சட்டம் போட்டதையும், குமிழையும், தொப்பி எடுத்துக்கொண்டு படியிறங்கியதையும் ஒன்றும் விடாமல் சொன்னான். தன்னைச் சிறையில் போடுவார்கள் என்று நினைத்தான், அதற்கு ஆசைப்பட்டான் என்றுகூடச் சொல்லலாம். விசாரணைக்காரர்கள் எழுதிக்கொண்டு, கவனக்குறைவு என்று சொல்லி, வேலையிலிருந்து நிறுத்திவிட்டு எழுந்து போனார்கள். செட் திருத்தப்பட்ட பிறகு என்ன பேசினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் சொல்ல வாயெடுத்தான், அதற்குள் அடுத்த சாட்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள். கோணாமலையும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இருந்துகொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். அதுவரைக்கும் போகப் பயம். சரீபுக்கு விலா எலும்பு மூன்று முறிந்து, நெஞ்சைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. கடல்தண்ணீர் நெஞ்சுக்குள் போய்க் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. மைமூனா கட்டிலோடு ஒரு ஸ்டூலில் இருந்தாள். ஜெமீல் கால்மாட்டில் நின்றான்.

"வாங்க மச்சான்" என்றான் சரீப். "கிட்ட வாங்க. பலமாக் கதைக்க ஏலாது." ஜெமீல் கிட்டப் போனான். "குமிழ்க் கதை ராத்தா சொன்னா. மறதி மனிசனுக்குத்தானே வரும். நீங்க அதை நினைச்சுச் சோறு தண்ணி இல்லாமக் கிடக்கிறீங்களாம். அப்பிடிச் செய்யாதீங்க. அண்டைக்கு உங்கட குரல் கேட்டதாலதான் நான் மனம் விடாம நிண்டன். ஆக்களும் அப்பிடித்தான். டக் வருதெண்ட ஒரு சொல்லுத்தான் எங்களைப் பிடிச்சு வைச்சது."

ஜெமீல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்டு கேட்கணும்" என்றான் சரீப். குரல் இன்னும் தாழ்ந்தது. "இஞ்ச ஒருத்தரும் சரியாச் சொல்றாங்க இல்ல. கேட்டா முகத்தைத் திருப்புறாங்க. என்னட்ட மறைக்கிறாங்க எண்டு நினைக்கிறன். அந்த டக்கில எங்களைத் தேடி வந்தவங்களுக்கு என்ன நடந்தது மச்சான்? அவங்களும் போயிட்டாங்களா?"

மைமூனா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தம்பி என்ன கேட்கிறான் என்று அவளுக்கு விளங்கவும் இல்லை. ஜெமீல் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். சரீபின் கண்கள் பயத்தோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அவங்க எல்லாரும் சுகம்" என்றான்.

"உண்மையாவா?"

"ஓம். ஒருத்தருக்கும் ஒண்டும் இல்ல."

சரீப் நெடுநேரம் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டான். கண்ணோரத்தால் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. "அல்ஹம்துலில்லாஹ். பத்து நாளா அந்த நினைப்புத்தான் எனக்கு. எத்தனை பேர் வந்தாங்க?"

ஜெமீல் மைமூனாவைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். "ஆறு பேர்" என்றான்.

"அந்த ஆறு பேருட பேரையும் கேட்டு எழுதி வைங்க மச்சான். எனக்குக் கொஞ்சம் நடக்க ஏலுமானதும் ஒவ்வொரு வீடா ரெண்டு பேரும் போவம். அந்தக் காத்துக்குள்ள எங்களுக்காக வெளிக்கிட்டவங்கட கையைப் பிடிச்சு ஸலாம் சொல்லாட்டி நான் மனிசனில்ல."

"சரி" என்றான் ஜெமீல்.

மைமூனா பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.